ஷோகேஸில் தொங்கினால் விற்க வேண்டும்

இரண்டு ஆண்பிள்ளைகள் என்றைக்காவது ஒரு முத்தம் கொடுத்துக்கொள்வார்கள் என்று பத்து வருஷம் காத்திருந்த ஒரு மனிதனை எனக்குத் தெரியும். அந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு வீடியோ கேமுக்குள் இருக்கிறவர்கள். ஒருவன் கப்பல் கேப்டன், பெயர் மாரெக். இன்னொருவன் அதே கப்பலின் டாக்டர், பெயர் ஈலியன். காத்திருந்தவன் பெயர் ராம்குமார். தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் 'இசக்கி சில்க்ஸ்' என்று ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அதன் முதலாளி தனபாலனின் ஒரே பிள்ளை அவன். வயது முப்பது தாண்டிவிட்டது, தொப்பை எட்டிப் பார்க்கிறது, ஆனால் புடவையை விசிறி மாதிரி விரித்துப் போடுவதில் அந்தத் தெருவிலேயே அவனுக்கு ஈடு கிடையாது.

நான் ஸ்ரீலக்ஷ்மி. மயிலாப்பூரில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லிச் சொல்லி, வீட்டில் எல்லோரும் ஓய்ந்துபோய் என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள். பகலில் பிள்ளைகளை மேய்ப்பேன், சாயங்காலம் வீடியோ கேம் ஆடுவேன். 'ஐவரி டைட்' என்ற கேமில்தான் ராம்குமார் எனக்குக் கிடைத்தான். நான் தாடி வைத்த கடற்கொள்ளைக்காரனாக வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன். என்னைச் சுட வந்தவன் மைக்கில் என் குரலைக் கேட்டுவிட்டு, "ஐயோ, மாமி!" என்று துப்பாக்கியைக் கீழே போட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை அங்கேயே சுட்டேன். அப்புறம் சிநேகிதமாகிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னான்.

"மச்சி, ஒண்ணு சொல்றேன், காறித் துப்பிடாத. எனக்குப் பொண்ணுங்கள பாத்தா ஒண்ணுமே தோணாது. பசங்களத்தான் பிடிக்கும்."

"சொல்லியாச்சோல்லியோ? அந்தச் சட்னிய இப்படித் தள்ளு. எனக்கு மனுஷாளையே பிடிக்கறதில்ல. நான் யார்கிட்டடா போய் சொல்லிண்டு அழறது?"

அவன் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. பஜ்ஜிக்காரர் காரம் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இந்த கேம் கம்பெனிக்காரர்களைப் பற்றி நான் கொஞ்சம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும். ஆயிரம் வாள், ஆயிரம் குதிரை, பூதம், டிராகன் எல்லாம் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஆண்மேல் ஆசைப்படுகிற ஓர் ஆணை மட்டும் ஒழுங்காகச் செய்ய வரவில்லை. ராம்குமார் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் சென்ட் போட்டுக்கொண்டு நெளிகிற வில்லன்கள். இல்லாவிட்டால் ஹீரோவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக் கண்ணடிக்கிற தையல்காரன். கொஞ்சம் நல்லவனாக ஒருத்தன் வந்தால் பாதிக் கதையில் செத்துத் தொலைவான். இப்போது சில கேம்களில் வேண்டுமானால் அந்தப் பக்கம் போய்க்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். இலை ஓரத்து ஊறுகாய் மாதிரி, தொட்டால் தொடு, தொடாவிட்டால் போ. நன்றாகச் செய்த கேம்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராம்குமாருக்கு அதெல்லாம் ஏறவில்லை, மாரெக்கும் ஈலியனும்தான் வேண்டும். 'ஐவரி டைட்' முதல் பாகத்தில் அவர்கள் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். இரண்டாம் பாகத்தில் ஒருத்தன் காயத்துக்கு இன்னொருத்தன் தையல் போட்டுவிட்டு, கையை எடுக்காமலே வைத்திருந்தான். அந்தக் கையை ராம்குமார் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று பகவானுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் பாகத்துக்குப் போன வருஷம் டிரெய்லர் வந்தது. மழை, ஒரு கலங்கரை விளக்கம், உள்ளே இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி வைத்து நிற்கிறார்கள். முகம் நெருங்குகிறது, படக்கென்று இருட்டு. உலகம் முழுக்க இவனை மாதிரி இருக்கிற அத்தனை பேரும் முன்பணம் கட்டினார்கள். கம்பெனிக்காரன், இவர்களுக்கென்று வெளிநாட்டில் கொண்டாடுகிற ஜூன் மாதம் பிறந்ததும், பெயர்ப்பலகையை இவர்கள் கொடியின் வானவில் கலருக்கு மாற்றினான், வெளிநாட்டு இணையப் பக்கங்களில் மட்டும். நம் ஊர்ப் பக்கத்தில் அதே பழைய சாம்பல் கலர்தான். நான் அப்போதே சொன்னேன், இவன் கள்ளன் என்று. ராம்குமார் கேட்டால்தானே.

இனி கடைக்கு வருகிறேன். தி. நகரில் சில கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரமாதமான ஒரு புடவையை ஷோகேஸ் பொம்மைக்குக் கட்டி நிறுத்துவார்கள். அதைப் பார்த்து உள்ளே போய்க் கேட்டால், "அது டிஸ்ப்ளே பீஸ்மா, அதே மாதிரி வேற காட்டறேன்" என்று நாலு மூட்டையைப் பிரித்துப் போடுவார்கள். தனபாலன் கடையில் அந்த ஜோலி கிடையாது. போன வருஷம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஓர் அம்மாள், பொம்மை கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவைதான் வேண்டும் என்று நின்றார். கூட்டத்தில் அதைக் கழற்றச் சோம்பல்பட்டு ராம்குமார் அந்த டிஸ்ப்ளே வசனத்தை எடுத்துவிட்டான். கல்லாவில் இருந்த தனபாலன் எழுந்து நின்று கத்திய கத்தல் மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏல, அத உரிச்சுக் குடுல! ஷோகேஸ்ல தொங்குனா அது சரக்கு. சரக்குன்னா விக்கணும். விக்க மனசில்லன்னா உள்ள வச்சுப் பூட்டு. காட்டி ஏமாத்துத பொழப்பு நமக்கு வேண்டாம்!"

அத்தனை பேர் முன்னாலும் பொம்மையை உரித்துப் புடவையைக் கொடுத்தார்கள். பொம்மை சாயங்காலம் வரை ஓர் ஈரிழைத் துண்டோடு நின்றது. நான் அப்போது அங்கே ரவிக்கைத் துணி வாங்கப் போயிருந்தேன், அதனால் இதற்கு நானே சாட்சி.

அந்தக் குடும்பத்துக்கு என்னால் வந்த கலவரத்தையும் சொல்ல வேண்டும். ராம்குமார் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு என்னோடு பேசுவான். ஒருநாள் அவன் அம்மா இசக்கியம்மாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். இவன் உள்ளே, "லைட்ஹவுஸ்ல வச்சுக் கண்டிப்பா நடக்கும் ஸ்ரீ. இவ்ளோ வருஷம் பொறுத்தாச்சு, இனிமே எவனும் தடுக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மாளுக்குத் தெரிந்த லைட்ஹவுஸ் மெரினாவில் இருப்பது. நானும் இவனும் அங்கே சந்தித்து ஓடிப்போகப் போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் என் ஸ்கூல் வாசலில் ஒரு பட்டுப்புடவைப் பையோடு நின்றார்.

"எம்மா, நீ நல்லா இருப்ப. எம் மவன விட்டுருமா."

"தாராளமா எடுத்துண்டு போங்கோ மாமி. நான் என்ன கட்டியா வெச்சுண்டிருக்கேன்?"

"இந்தா, இந்தச் சேலய வச்சுக்கோ."

நல்ல அரக்கு கலர். வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அதன் பலன், அவசர அவசரமாக ராம்குமாருக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். அவனுக்குப் பட்டு வேட்டி சட்டை போட்டு, ஸ்டுடியோவில் நிறுத்தி, பல் தெரியச் சிரிக்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். தனபாலன் வியாபாரி ஆயிற்றே, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்தார். அதே படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, 'மாப்பிள்ளை செட்' என்று எழுதிக் கடை ஷோகேஸிலும் மாட்டிவிட்டார். படம் தரகர் மூலமாக நங்கநல்லூர் போனது. அங்கே அனுப்ரியா என்று ஒரு பெண், அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபிஸ்ட், படத்தைப் பார்த்து சரி என்றாள். சனிக்கிழமை நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. கோயிலில் பார்த்துக்கொண்டால், பிடிக்காவிட்டாலும் யாருக்கும் அவமானமில்லை, சாமி கும்பிட வந்தோம், போனோம் என்று கைகழுவிவிடலாம்.

"நீ என்னடா சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"ஓகே சொல்லிடலாம்னு பாக்கறேன். இன்னா பண்றது? அப்பாவ எதுத்து நிக்க எனக்குத் தெம்பு இல்ல. ஊர்ல எத்தினி பேர் இப்டி கட்டிக்கினு இல்ல?"

"அந்தப் பொண்ணு?"

"நல்லா பாத்துப்பேன் மச்சி. ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் போனை வீசியிருப்பேன், தவணை பாக்கி இருந்ததால் வீசவில்லை. "அவ கேக்கறது ஒரு ஆம்படையான், நீ குடுக்கப் போறது ஒரு ரூம்மேட்டு. மண்டூகம்" என்று திட்டி வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மேல் இருந்த கோபத்தைவிட, அவன் ஆயுசு முழுக்க அந்தப் படத்தில் சிரிக்கிற மாதிரி சிரிக்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான் அதிகம்.

சண்டை போட்டாலும் கேம் முக்கியம் இல்லையா. மூன்றாம் பாகம் வந்திருந்தது, எனக்கு ஸ்கூல் திறக்கச் சில நாள் இருந்தன. ராம்குமார் கடையில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். சேர்ந்து ஆடினோம். சனிக்கிழமைக்கு முந்தின நாள் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை பெய்தது. நெற்றியோடு நெற்றி வைத்தார்கள். முகம் நெருங்கியது.

குண்டு வெடித்தது. ஈலியன் செத்துப்போனான். சாகிறபோது மாரெக் அவனை மடியில் போட்டுக்கொண்டு, "நீ என் உடன்பிறவாத சகோதரன்" என்றான். அடுத்த காட்சியில் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மாரெக்குக்கு ஒரு பெண்டாட்டி. அவள் யார், எந்த ஊர், மூன்று பாகத்தில் ஒரு தடவையாவது தலையைக் காட்டினாளா, ஒன்றும் கிடையாது. ஒரு குழந்தை வேறு. அதற்கு ஈலியன் என்று பெயர் வைத்தானாம், புண்ணியவான்! இதில் அந்த கேமின் டைரக்டர் பேட்டி கொடுத்திருக்கிறான், அவர்களுடைய உறவை ரசிகர்களின் கற்பனைக்கே விட்டுவிட்டோம் என்று. கற்பனை எங்கள் வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே, அதற்கு இவனுக்கு எதற்கு நான் பணம் கட்ட வேண்டும்?

ராம்குமார் எழுந்து நின்று டிவியைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், தரமாட்டேன்னா எதுக்குடா மாட்டி வெச்ச? பத்து வருஷம்டா! உள்ள வந்து கேட்டா டிஸ்ப்ளே பீஸுன்றியே, உனக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

கத்தியவன் அப்படியே நின்றுவிட்டான். நான் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அது அபூர்வம். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

சனிக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆஞ்சநேயரை நான் சேவித்தே வெகுநாளாயிற்று என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நங்கநல்லூர் போனேன். வடைமாலைக் கூட்டம் நெரிந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்து, "அடடே, நீங்களா!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தன. அனுப்ரியா இலைப்பச்சைச் சேலையில் நேராக நிமிர்ந்து நின்றாள். பெரியவர்கள் நாலு அடி தள்ளிப் போய்ச் சிறுசுகளைப் பேச விட்டார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது.

"போட்டோல அப்படி சிரிச்சீங்க. நேர்ல ஒரு தடவகூட சிரிக்கலியே?" என்றாள் அவள்.

"அது... போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னாரு" என்றான் இந்த அசடு.

"எனக்கு உங்கள பிடிச்சிருக்குங்க. ஆனா வீட்ல சொன்னாங்கன்னு நீங்க வந்திருந்தா, இப்பவே சொல்லிடுங்க. அப்புறமா தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாள் என்னைப் பார்த்துத் தொலைத்தார்.

"ஐயோ, வந்துட்டா பாருங்க! அந்த மயிலாப்பூர்க்காரி! எம் புள்ளய கொண்டு போவ வந்துட்டா!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு முன்னால் வடை வாங்க நின்றவர் வரிசையை விட்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். அனுப்ரியாவின் அப்பா, "யாருங்க இவங்க?" என்று கேட்க, தனபாலன் முகம் செங்கல்லாகச் சிவந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மேலே ஆஞ்சநேயரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"ஏல, இந்தப் புள்ளயத்தான் கட்டணும்னா சொல்லித் தொலல. ஒரு பொண்ணு வாழ்க்கய கெடுக்க வேண்டாம். சாதி சனம் காறித் துப்பும், துப்பட்டும். நான் கட்டி வக்கேன்."

ராம்குமார் என்னைப் பார்த்தான். ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவன் பிழைத்துப்போவான், வீட்டில் சந்தோஷம், உண்மையை யாரும் தோண்ட மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் அவன் ஆட்டியிருந்தால் நானும் ஆட்டியிருப்பேன். அவன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

"இல்லப்பா" என்றான் அவன். "ஸ்ரீ எனக்கு ஃப்ரெண்டு. அவள கட்டினாலும் இதே ஏமாத்துதான். எனக்குப் பொண்ணுங்க மேல ஆசையே வராதுப்பா. ஆம்பளைங்க மேலதான் வரும். சின்ன வயசுலேர்ந்து அப்டித்தான். நீங்கதான சொல்வீங்க, விக்காதத ஷோகேஸ்ல தொங்க விடக் கூடாதுன்னு. என்ன எடுத்துடுங்கப்பா. இதுக்கு மேல தொங்க முடியல."

முதலில் வாயைத் திறந்தவள் அனுப்ரியாதான்.

"அப்ப எதுக்குங்க போட்டோ அனுப்பினீங்க?"

"தப்புதாங்க. மன்னிச்சுக்கோங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "இப்பவாவது சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ராணி மாதிரிப் பெண்! தனபாலன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு காலில் வேறு யாருடைய செருப்போ இருந்தது.

அதற்குப் பிறகு தனபாலன் பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடையில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பொம்மையைப் பார்த்துச் சொல்வார், இவன் கேட்டுக்கொண்டு செய்வான். இசக்கியம்மாள் மட்டும் எனக்கு போன் செய்தார்.

"எம்மா, நீயாவது அவன கட்டிக்கிட மாட்டியா?"

"அன்னிக்கு விட்டுருன்னேளே மாமி."

"அது அன்னிக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் என்ன சொல்லித் தேற்ற? லைட்ஹவுஸ் என்றால் என்ன என்பதையாவது அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். அவனும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பாகத்துக் கம்பளியிலிருந்து கடைசியில் வந்த குழந்தை வரைக்கும் முழுக்கதையும் சொல்லியிருக்கிறான்.

ஆடி வந்தது, கூட்டம் வந்தது. மாப்பிள்ளை செட் படம் மட்டும் ஷோகேஸில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, பல் தெரிய. அதைக் கழற்ற யாருக்கும் தைரியமில்லை. தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் மகளோடு கடைக்கு வந்தவர், படத்தைப் பார்த்தார், ராம்குமாரைப் பார்த்தார், நேரே கல்லாவுக்குப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, படத்துல இருக்கது நம்ம தம்பிதானா? பொண்ணு பாக்கியளோ?"

ராம்குமார் கையில் பிடித்த புடவையோடு நின்றுவிட்டான். இனி என்ன, ஆமாம் என்று சொல்லி மறுபடியும் ஆரம்பிப்பார், அல்லது எல்லார் முன்னாலும் தன்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தானாம். தனபாலன் கல்லாவைப் பூட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேலைக்காரர்கள் ஓடி வந்தும் யாரையும் தொட விடாமல், மூட்டு வலிக்காலோடு தானே ஏறினார். படத்தைக் கழற்றி இறங்கி, தூசி தட்டி, கசங்காமல் சுருட்டினார்.

"இது விக்கதுக்கு இல்லம்மா. வேட்டி வேணும்னா உள்ள வாங்க, காட்டுதேன்."

சுருட்டிய படத்தைப் பிள்ளை கையில் கொடுத்தார். "வீட்ல கொண்டு போய் மாட்டு. உங்கம்மை பாத்துக்கிட்டு இருப்பா." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையைப் பொம்மையைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் கடைக்குப் பின்னால் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். தயிர்சாதத்துக்கு வந்தபோது தனபாலன் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏல, அந்தக் கப்பக்காரன் கதய உங்கம்மை சொன்னா. பத்து வருசமா காட்டிட்டு, கேட்டதும் இல்லன்னுட்டானாமே?"

"ஆமாப்பா."

"களவாணிப்பய. நம்ம கடயா இருந்தா பொம்மய உரிச்சுக் குடுத்துருப்பேன்."

சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாராம். இதை எனக்கு போனில் சொல்லும்போது ராம்குமார் அழ ஆரம்பித்துவிட்டான். நானும்தான். சீக்கிரம் அழுதுவிட்டு வாடா, கேம் ஆடலாம் என்றேன்.